மூன்று வண்டி வீடுகளும் ஒரு பீட் மலையும்

ராத்திரி எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும். பன்னிரண்டு மணி நேரம் நின்று முடித்துவிட்டு வெளியே வரும் ஓரிகான் மாநிலத்துத் தோழி, உள்ளே போகிற என்னிடம் ஒரு ஜோடி கையுறையை நீட்டுவார். அவர் போட்டிருந்த ஜோடி இல்லை, அது சேற்றில் ஊறி விறைத்துப் போயிருக்கும். இது ஜாக்கெட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்த உலர்ந்த ஜோடி. விரல்களை நுழைக்கும்போது அவருடைய உடம்புச் சூடு அதில் அப்படியே இருக்கும். காலை எட்டு மணிக்கு நான் வெளியே வரும்போது, அவருக்கு நான் அதையே செய்வேன்.

நாங்கள் மூன்று தம்பதிகள். ஒன்றாக இருக்கலாம், சேர்ந்து சமைக்கலாம், லீவு நாளில் ஊர் சுற்றலாம் என்று ஆசைப்பட்டுத்தான் அமெரிக்காவில் இந்த சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை வேலைக்கே வந்தோம். வந்து பார்த்தால் ஓரிகான்காரர்களுக்குப் பகல் ஷிப்ட், எங்களுக்கும் காரைக்குடி அக்கா வீட்டுக்கும் ராத்திரி ஷிப்ட். பக்கத்துப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்று வண்டிகள் நிற்கின்றன, ஆனால் ஒரு நாளைக்கு ரெண்டு முறை, பத்துப் பத்து நிமிஷம், அந்த கேட் ஓரத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அந்தப் பத்து நிமிஷத்தில் பேசியது அதற்கு முன் ரெண்டு வருஷம் பேசியதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் முன்கதை. இவர் ஓய்வு பெற்றதும் ஹூஸ்டன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 28 அடி நீள ட்ரெய்லர் ஒன்று வாங்கி, பிக்கப் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆர்வி வாழ்க்கை என்று இங்கே சொல்வது இதைத்தான். முதல் குளிர்காலம் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனம். அங்கே அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கு நாங்கள் போனபோது 180 டாலர்தான் அனுமதிச் சீட்டு. தண்ணீர் இணைப்பு, மின்சாரம் எதுவும் கிடையாது, சூரியத் தகடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஓரிகான் தம்பதியர் அங்கேதான் பழக்கம். எங்கள் சாக்கடைத் தொட்டியைக் காலி பண்ணத் தெரியாமல் இவர் திணறிக்கொண்டு நின்றபோது, கேட்காமலே வந்து குழாயைப் பிடித்தவர்கள். வருஷா வருஷம் அக்டோபரில் பீட் வேலைக்குப் போவோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டதும் அவர்கள்தான். காரைக்குடி அக்காவை நான் கூப்பிட்டேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்க மாவு புளிக்குமாடி?"

இடம் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு. ஆற்றுக்கு மேற்கே வடக்கு டகோட்டா, கிழக்கே மினசோட்டா. பள்ளத்தாக்கு என்றால் ரெண்டு பக்கமும் மலை இருக்கும் என்று நினைத்துப் போனோம். மலை என்ன, ஒரு மேடுகூடக் கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பனிப்பாறை உருகித் தேங்கிய அகாசி என்ற பிரம்மாண்ட ஏரியின் தரை இது. ஏரி வடிந்து போனது, அடியில் படிந்த களிமண் மட்டும் தங்கிவிட்டது. கன்னங்கரேல் என்ற மண். நம் கரிசலைப் போலவே, காய்ந்தால் கல், நனைந்தால் பசை. பூட்ஸை இழுத்தால் கால் வரும், பூட்ஸ் வராது.

அந்த மண்ணில் விளைவதுதான் சர்க்கரை பீட். நாம் பொரியல் பண்ணும் பீட்ரூட்டும் இதுவும் ஒரே இனம், ஆனால் நிறம் வெள்ளை, உருவம் பெரிய முள்ளங்கியை உருட்டிப் பெருக்க வைத்தது போல. ஒவ்வொன்றும் ஒரு கிலோ, ரெண்டு கிலோ வரும். எடையில் 17, 18 சதவீதம் சர்க்கரை. நான் முதல் நாளே ஒன்றை எடுத்து வந்து, கழுவி, சீவி, ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, நல்ல இனிப்பு. மென்று கொஞ்ச நேரத்தில் மண் வாசனை ஒன்று மேலே வந்து நாக்கிலேயே நின்றுவிட்டது. கரும்பு அப்படி இல்லை, கடைசிச் சக்கை வரைக்கும் இனிப்புதான்.

கரும்பைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. பிறந்தது நெல்லிக்குப்பம் பக்கத்தில், 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை உள்ள ஊர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடி ஒன்றை உருவிக்கொண்டு திரும்பாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. ஆலையின் கழிவுப்பாகான மொலாசஸ் வாடை எங்கள் துணியிலேயே இருக்கும். ரெட் ரிவர் பக்கத்து ஆலை ஒன்றைக் கடந்து போனபோது வண்டிக்குள் வந்த வாடை அது இல்லை, வேகவைத்த கிழங்கும் ஈர மண்ணும் கலந்த வாடை. ஆனாலும் புகைபோக்கியைப் பார்த்ததும் நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை என்னவென்று சொல்கிறேன். அக்டோபர் முதல் தேதி தொடங்கிவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கே தூங்காது. வயலில் இலையைச் சீவிவிட்டு, கிழங்கைத் தோண்டி, லாரியில் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். லாரி எடை போடும் இடத்தைத் தாண்டி எங்களிடம் வரும். எங்கள் இடத்தில் பைலர் என்று ஒரு இயந்திரம், ஒரு வீட்டைவிடப் பெரியது. லாரி கிழங்கைக் கொட்டினால் அது உருளைகளின் மேல் உருண்டு மண் உதிர்ந்து, நீண்ட கை ஒன்றின் வழியாக மேலே ஏறிப்போய் குவியலில் விழும். உதிர்ந்த மண் திரும்ப அதே லாரியில் போய்ச் சேரும், விவசாயி தன் மண்ணைத் தன் வயலுக்கே கொண்டு போக வேண்டும். காலி லாரியை மறுபடி எடை போட்டால் கிழங்கு எவ்வளவு என்பது தெரியும். குவியல் முப்பது அடி உயரத்துக்கு எழும்பி, நீளத்தில் கண்ணுக்கெட்டாத தூரம் போகும். மேடே இல்லாத அந்த ஊரில் மலை என்று இருப்பது இது ஒன்றுதான். குளிர்காலம் முழுக்க அங்கேயே உறைந்து கிடக்கும், ஆலைகள் வசந்தம் வரை அரைத்துக்கொண்டிருக்கும்.

என் வேலை லாரிக்குக் கை காட்டுவது, சிந்தியதை மண்வெட்டியால் வாருவது, அப்புறம் மாதிரி எடுப்பது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக ஒரு சீட்டைக் கொடுப்பார். நான் பையைச் சரிவுக் குழாய்க்கு அடியில் பிடித்து, கிழங்கு விழுந்து நிரம்பியதும், சீட்டை உள்ளே போட்டு, இறுக்கிக் கட்டி வைக்க வேண்டும். அந்தப் பை பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். எவ்வளவு மண், எவ்வளவு சர்க்கரை என்று பார்த்து அதன்படிதான் விவசாயிக்குப் பணம். முதல் ராத்திரி இதைச் சொன்னபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கரும்புக்குப் பிழிதிறன், அதாவது அதில் தேறும் சர்க்கரை, எத்தனை என்று ஆலை சொல்வதை வைத்து அவர் நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். ஒரு பையில் ஒரு சீட்டு மாறிவிட்டால் யாரோ ஒருத்தர் வீட்டுக் கணக்கு மாறிவிடும். அதனால் ஒவ்வொரு முடிச்சையும் ரெண்டு முறை பார்ப்பேன். மேற்பார்வையாளர் சீக்கிரம் சீக்கிரம் என்பார். சரி என்பேன், ரெண்டாவது முறையும் பார்ப்பேன்.

இவர் பாப்கேட் என்ற, மண் அள்ளும் குட்டி இயந்திரத்தை ஓட்டினார். நம் ஊரிலும் அதற்கு அதுதான் பெயர். அந்தப் பெயரில் அதைச் செய்யும் கம்பெனியின் வேர் வடக்கு டகோட்டாவின் குவின்னர் என்ற சின்ன ஊர். அதன் முதல் வடிவத்தை 1957-ல் மினசோட்டாவின் ராத்சேயில் அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒரு வான்கோழிப் பண்ணைக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். இவர் அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வண்டியை நிறுத்தும்போது மூக்கைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

மூன்றாவது நாள் ராத்திரி முதுகு என்னிடம் இல்லை. அதை மறைக்க மாட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, குனிவது, தூக்குவது. விடியற்காலை நாலு மணிக்குக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். லாரி விளக்குகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஓய்வே இல்லை. அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, இரைச்சலில் பேச முடியாது என்பதால், தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் தன் பக்கம் போவார். காலையில் வண்டிக்குத் திரும்பினால் எங்கள் படிக்கட்டில் ஒரு பாத்திரம் துண்டு சுற்றி வைத்திருக்கும். ஓரிகான் தோழி வேலைக்குக் கிளம்புமுன் வைத்துவிட்டுப் போன ஓட்ஸ் கஞ்சியோ பீன்ஸ் குழம்போ இருக்கும். சாயங்காலம் அவர்கள் படிக்கட்டில் நாங்கள் வைப்போம். மாவு புளித்ததா என்றால், புளித்தது. ட்ரெய்லரின் ஹீட்டர் காற்று வரும் தரைத் துளைக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டார் அக்கா, பதினெட்டு மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளியது. முதல் இட்லிகளை ஒரு பேப்பர் தட்டில் வைத்து, மேலே பொடியும் நல்லெண்ணெயும் விட்டு அவர்கள் படிக்கட்டில் வைத்தோம். மறுநாள் கேட் ஓரத்தில் ஓரிகான் தோழியின் கணவர் என்னிடம் கேட்டது, அந்தச் சிவப்புப் பொடி இன்னும் இருக்கிறதா என்று மட்டும்தான்.

ஐந்தாவது நாள் வேலை நின்றது. மழை இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை. வெயில். கிழங்கின் உள்சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால், நம் கணக்கில் சுமார் 13 டிகிரி, குவியலில் வைக்கக் கூடாது. பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது, தன் சர்க்கரையைத் தானே தின்கிறது, சூடாகிறது, ஒன்றின் சூட்டில் பக்கத்தில் இருப்பதும் அழுகுகிறது. ரொம்பக் குளிர்ந்து வயலிலேயே உறைந்துவிட்டாலும் ஆபத்துதான். இந்த ரெண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்களில்தான் மொத்த அறுவடையும். எங்கள் வேலையில் நின்ற மணிக்குக் கூலி கிடையாது, எப்போது கூப்பிடுவார்கள் என்றும் தெரியாது. ஆனால் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது அன்றைக்குத்தான்.

இட்டாஸ்கா ஏரிக்குப் போனோம், கிழக்கே ரெண்டரை மணி நேரம். மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம். ஏரியின் வடக்கு முனையில் சில பாறைகள் வரிசையாகக் கிடக்கின்றன, அதைத் தாண்டி வழியும் தண்ணீர்தான் மிசிசிப்பி. முழங்கால் ஆழம், நாலு எட்டு வைத்தால் அக்கரை. 1832-ல் ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப் பயணி இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அவரை இங்கே கூட்டி வந்தவர் ஓசாவிந்திப் என்ற ஓஜிப்வே பழங்குடித் தலைவர். வழி தெரிந்தவர் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன் என்று சொல்வது எனக்கு எப்போதும் ஒப்பாது. அக்கா செருப்பைக் கழற்றி, புடவையாக இருந்தால் தூக்கிச் செருகியிருப்பார், பேன்ட்டை மடித்துக்கொண்டு, அந்த ஐஸ் தண்ணீரில் இறங்கி, குனிந்து மூன்று முறை தலையில் தெளித்துக்கொண்டார். ஆறு பிறக்கிற இடம் என்றால் கால் மட்டும் நனைத்துவிட்டு வர முடியுமா என்றார். ஓரிகான் தோழி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தானும் இறங்கி அதேபோல மூன்று முறை.

மறுநாள் கிராண்ட் ஃபோர்க்ஸ். ஊர் சின்னதுதான், ஆனால் அங்கே எனக்கு ரெண்டு விஷயம் காத்திருந்தது. ஒன்று, 1893-ல் இந்த ஊர் மாவு மில் ஒன்றில்தான் கிரீம் ஆஃப் வீட் பிறந்தது. டாம் அமிடன் என்ற மில் தொழிலாளி, கோதுமையின் நடுப்பகுதியை ரவையாகத் திரித்துக் கஞ்சிக்கென்று விற்கலாம் என்று சொல்லி, வியாபாரம் படுத்துக் கிடந்த அந்த மில்லைத் தூக்கி நிறுத்தினாராம். 1996-ல் நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எங்கள் பக்கத்தில் இந்தியக் கடை கிடையாது. முதல் உப்புமா இந்தப் பெட்டியில்தான். கொஞ்சம் குழையும், வறுத்துக்கொண்டால் பரவாயில்லை. பசியும் அழுகையுமாக இருந்த ஒரு சாயங்காலத்தில் அதைக் கிண்டிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அது பிறந்த ஊர்த் தெருவில் நின்றபோது கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது, கும்பிட்டேன்.

இன்னொன்று வெள்ளம். ரெட் ரிவர் வடக்கு நோக்கி ஓடுகிற ஆறு. தெற்கே பனி முதலில் உருகும், அந்தத் தண்ணீர் வடக்கே வரும்போது இங்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். ஊரோ தட்டு மாதிரி, தண்ணீர் எங்கே போகும்? 1997 ஏப்ரலில் 54 அடிக்கு மேல் ஏறி, ஊரையே காலி பண்ண வைத்தது. தண்ணீர் நிற்கும்போதே நகர நடுவில் தீ வேறு, பதினோரு கட்டடங்கள் எரிந்தன. ஆற்றங்கரை நினைவுத் தூணில் அந்த வருஷத்து மட்டத்தைக் குறித்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அக்கரையில் கிழக்கு கிராண்ட் ஃபோர்க்ஸில் ஒரு முகாம் மைதானம், எங்களைப் போல ஆர்விக்காரர்கள் வந்து தங்கும் இடம். வெள்ளத்துக்கு முன்னால் அது வீடுகள் இருந்த குடியிருப்பு. வீடுகளை எடுத்துவிட்டார்கள், மரங்கள் அப்படியே நிற்கின்றன. ஒரு மரத்தடியில் யாரோ நிறுத்தியிருந்த ட்ரெய்லரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிழல் யார் வீட்டு வாசலில் விழுந்த நிழல்? பெண்ணையாற்று வெள்ளம் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த இடத்தைவிட்டுச் சட்டென்று நகர முடியவில்லை.

அன்று ராத்திரியே கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி கேட், மறுபடி கையுறை.

அதற்கடுத்த வாரம்தான் அந்த லாரி ஓட்டுநரிடம் பேசினேன். பைலர் பத்து நிமிஷம் நின்றிருந்தது. டெக்சாஸ் எல்லைப் பக்கம் சொந்த ஊர் என்றார், நானும் டெக்சாஸ் என்றதும் பேச்சு நீண்டது. அவருடைய பாட்டி சின்னப் பெண்ணாக இருக்கும்போது குடும்பத்தோடு இதே பள்ளத்தாக்குக்கு பீட் வயல் வேலைக்கு வந்தவராம். 1920-களிலிருந்தே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அப்படி வந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்து விதை ஒன்றைப் போட்டால் நாலைந்து முளை வரும், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கையால் களைய வேண்டும். குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தோடு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பார்கள். ஒற்றை முளை விதையும் களைக்கொல்லியும் வந்த பிறகுதான் அந்த வேலை போனது. தங்கியது வயல் ஓரக் குடிசையில். "பாட்டி சாகும்வரை நிமிரவே இல்லை" என்று சொல்லி, முதுகைத் தொட்டுக் காட்டினார். பைலர் ஓட ஆரம்பித்ததும் சீட்டை நீட்டினார், நான் பையைப் பிடித்தேன்.

எனக்கு வந்த இடத்தில் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள், வாடகை இல்லை. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வண்டியைக் கட்டிக்கொண்டு போகலாம். இதையும் அதையும் பருவ வேலை என்று ஒரே பெயரில் சொல்கிறோம், எனக்கு அது சரியாகப் படவில்லை.

நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் கரும்பு வயலுக்கும் அப்படி வருவார்கள். கரும்பை வெட்டலாம் என்று ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் மேஸ்திரி ஆள் கூட்டி வருவார். முன்பணம் வாங்கிவிட்ட குடும்பங்கள், கரும்புச் சோகை வேய்ந்த குடிசை, மூன்று கல் அடுப்பு. விடியுமுன் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதில் ஒரு அம்மா இடது கையால் வெட்டுவார். ஓடிப்போய் நின்றால் ஒரு கணுவை நறுக்கி, தோலைச் சீவி, நுனியைப் பிடித்து என்னிடம் நீட்டுவார். நாலைந்து வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

உறைபனி விழுந்து இன்னும் ஒரு நாள் வேலை நின்றபோது அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணே, கரும்பு வெட்ட வருவாங்களே, இடது கை அம்மா, அவங்க பேர் என்ன?

"ஏம்மா, நாற்பது அம்பது வருஷம் ஆச்சு, இப்ப வந்து கேக்கிற?" என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்று அப்பா சொன்ன ஞாபகம், அதற்கு மேல் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கு எண்பத்தேழு, காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், பழையதெல்லாம் அப்படியே இருக்கும்.

கடைசி லாரி வந்து கொட்டிய மறுநாள், குழாய்களைச் சுருட்டி, தொட்டிகளைக் காலி பண்ணி, மூன்று வண்டிகளையும் கிளப்பத் தயார் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தார். பெயர் அம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் சாயங்காலம் கஞ்சி வாங்க வரும்போது அந்த அம்மா குனிந்து குனிந்தே வருவார், வாசலில் வந்துதான் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்வார் என்று சொன்னார். "அப்புறம் ஒரு வருஷம் அவ வரல. அவ மக வந்தா. உன் வயசுதான் இருக்கும். அதே கத்தியோட."